மாவட்டத்தோடு முடியும் உரிமை: பிச்சாட்டூரிலிருந்து மனநலச் சட்டத்தைப் படித்தல்

ஆந்திரத்தின் தமிழக எல்லையோரப் பிச்சாட்டூர் மண்டலத்தில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் கண்டால் குடும்பத்தின் முன் மூன்று சாலைகள் இருக்கின்றன. ஒன்று வடமேற்கே நாராயணவனம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போவது. சுமார் 60 கிலோமீட்டர். முடிவில் ரூயா அரசு மருத்துவமனை. இன்னொன்று தென்கிழக்கே நாகலாபுரம், சுருட்டப்பள்ளி தாண்டித் தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டைக்குள் நுழைந்து, பெரியபாளையம் வழியாகச் சென்னைக்குப் போவது. சுமார் 80 கிலோமீட்டர், முடிவில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. மூன்றாவது சாலை வேலூருக்கு. நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால், சி.எம்.சி. மருத்துவமனை 1957 முதல் பாகாயத்தில் நடத்திவரும் மனநல மையம்.

இந்த மூன்றில் எதில் போவது என்பதைச் சட்டப் புத்தகம் தீர்மானிப்பதில்லை. அக்கா எந்த ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள், ராத்தங்க யார் வீட்டில் இடம் கிடைக்கும், டாக்டரிடம் எந்த மொழியில் பேச வரும் என்பவைதாம் தீர்மானிக்கின்றன. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் என்று வாழ்கிற பகுதி இது. சம்பந்தம் கொள்வதும் கொடுப்பதும் எல்லைக்கு இருபுறமும் நடக்கிறது. ஆகவே நோயாளியும் எல்லை தாண்டுகிறார். கேள்வி, அவருக்குச் சட்டம் கொடுத்த உரிமையும் கூடவே தாண்டுகிறதா என்பது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஏப்ரல் 7 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் உடல்நலம் சார்ந்த சட்டங்கள் அதுவரை அரிதாகவே சொன்ன ஒன்றை அதன் 18ஆம் பிரிவு சொல்கிறது: அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. சலுகையோ கருணையோ என்று அதற்குப் பெயரில்லை. கிடைக்காவிட்டால் கேட்டுப் பெறக்கூடிய உரிமை. அந்தச் சேவை கட்டுப்படியான செலவில், நல்ல தரத்தில், போதுமான அளவில் இருக்க வேண்டும். அதற்காக யாரையும் நெடுந்தூரம் அலையவிடக் கூடாது. வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் அரசு மருத்துவ நிலையங்களில் எப்போதும் விலையின்றிக் கிடைக்க வேண்டும்.

இதே பிரிவுக்குள் ஒரு சொற்றொடர் இருக்கிறது. வேறெங்கோ வாழ்பவருக்கு அது கண்ணில் படாது. எல்லையில் வாழ்பவருக்குப் பட்டே தீரும். ஒருவர் வசிக்கும் மாவட்டத்தில் குறைந்தபட்ச மனநலச் சேவைகள் கிடைக்காவிட்டால், அவர் அந்த மாவட்டத்திலுள்ள வேறு எந்த மனநலச் சேவையையும் நாடலாம், செலவை அரசு ஏற்கும் என்கிறது சட்டம். அந்த மாவட்டத்தில். பக்கத்து மாவட்டம் என்றுகூட இல்லை; பக்கத்து மாநிலத்துக்கு இதில் இடமே கிடையாது. பிச்சாட்டூர்க்காரருக்குச் சட்டம் காட்டும் திசை திருப்பதி மாவட்டத்தின் உள்பக்கம் மட்டுமே.

அந்த மாவட்டமும் நேற்று வந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்த பிச்சாட்டூர், 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரம் 13 மாவட்டங்களை 26 ஆக்கியபோது திருப்பதி மாவட்டத்துக்கு வந்தது. மாவட்டத் தலைநகர் பக்கத்தில் வந்தது நல்லதுதான். ஆனால் மாவட்ட மனநலத் திட்டம் என்பது ஒரு மாவட்டத்துக்கு ஒரு குழு என்ற கணக்கில் கட்டப்பட்டது: ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியலாளர், ஒரு சமூகப் பணியாளர், பயிற்சி பெற்ற செவிலியர். மாவட்டம் இரண்டாகும்போது குழுவும் இரண்டாக வேண்டும். பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். மனநல மருத்துவரை அப்படி உருவாக்க முடியாது. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, முக்கால் பேர் என்ற விகிதம்தான் இருக்கிறது என்று 2019இல் வெளியான ஒரு கணக்கீடு சொன்னது. அந்த முக்கால் பேரிலும் பெரும்பகுதி நகரங்களில்.

எல்லை எப்படி இங்கே வந்தது என்பதையும், மருத்துவமனைகள் எந்தெந்தப் பக்கம் விழுந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய நிலை விளங்கும். சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் நடத்திய பைத்தியக்கார விடுதிகளில் முதன்மையான இரண்டு, கீழ்ப்பாக்கமும் விசாகப்பட்டினத்து வால்டேரும், ஒரே ஆண்டில் தொடங்கின: 1871. அடுத்த ஆண்டு கோழிக்கோட்டில் ஒன்று. சித்தூர்ப் பகுதி மக்களுக்கு அப்போது கீழ்ப்பாக்கம் அயலூர் மருத்துவமனையில்லை, தங்கள் மாகாணத்துடையது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் அதோடு போனது. எல்லையைச் சரிசெய்ய மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய போராட்டத்தைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். படாஸ்கர் பரிந்துரையை ஒட்டி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. பதிலுக்குத் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. தமிழ் பேசும் ஊர்கள் பல ஆந்திரத்திலேயே தங்கின.

மலை யாருக்கு, ஏரி யாருக்கு, கோவில் யாருக்கு என்று அந்த நாட்களில் வாதாடினார்கள். மருத்துவமனை யாருக்கு என்று வாதாடியதாக நான் படித்ததில்லை. விளைவு: பிச்சாட்டூரின் அரசு மனநல மருத்துவமனை ஒரே நாளில் 80 கிலோமீட்டரிலிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், வால்டேருக்கு, நகர்ந்துவிட்டது. 1956இல் ஐதராபாத் சேர்ந்தபோது எர்ரகட்டா மருத்துவமனை கிடைத்தது. 2014இல் தெலங்கானா பிரிந்தபோது அது அந்தப் பக்கம் போய்விட்டது. எஞ்சிய ஆந்திரத்துக்கு மறுபடியும் விசாகப்பட்டினம் மட்டும். பின்னர்தான் கடப்பையில் ஒன்று கட்டப்பட்டது. கோடுகள் மாறிய ஒவ்வொரு முறையும் இப்பகுதியின் நோயாளிக்கு மருத்துவமனையின் தூரமும் மாறியது. அவர் மட்டும் கீழ்ப்பாக்கத்துக்குப் பேருந்து ஏறுவதை நிறுத்தவில்லை.

சட்டம் எங்கிருந்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லாமல் அதன் குறையை மட்டும் சொல்வது நியாயமாகாது. 1858ஆம் ஆண்டுச் சட்டமும் 1912ஆம் ஆண்டு இந்தியப் பைத்தியச் சட்டமும் ஊரைப் பைத்தியக்காரரிடமிருந்து காப்பாற்ற எழுதப்பட்டவை. காவலர் பிடிப்பார், நீதிபதி ஆணையிடுவார், விடுதி அடைத்து வைக்கும். 1946இல் போர் (Bhore) சுகாதாரக் குழு கணக்கெடுத்தபோது இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கை இருந்தது. இந்தியாவில் சுமார் 40,000 பேருக்கு ஒன்று. அடைத்து வைக்கும் சட்டம் இருந்தது, அடைத்து வைக்கவும் இடமில்லை. 1987இல் வந்த மனநலச் சட்டம் சொற்களைத் திருத்தியது, தனியார் நிலையங்களுக்கு உரிமம் கேட்டது, மனித உரிமை என்று ஓர் அத்தியாயமும் சேர்த்தது. நடைமுறைக்கு வரவே 1993 ஆனது. அதன் மையமும் சேர்க்கைதான். யாரை எப்படி உள்ளே வைப்பது என்பதுதான்.

2001 ஆகஸ்ட் 6 விடியலில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. நீதிபதி ராமதாஸ் ஆணையம் விசாரித்தது. ஏர்வாடி தர்காவைச் சுற்றியிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. உரிமம் கேட்ட 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது உயிரோடுதான் இருந்தது. அந்த 28 பேரின் குடும்பங்கள் அவர்களை ஏர்வாடிக்குக் கொண்டுபோனதற்கு மூடநம்பிக்கை ஒன்றே காரணம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகக்கூடப் படவில்லை. ஊருக்குப் பக்கத்தில் மருந்து கிடைக்கவில்லை; கிடைத்த இடத்தில் நோயாளியோடு தங்க வழியில்லை; தர்காவில் தங்க இடம் இருந்தது.

பிச்சாட்டூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அப்படிப்பட்ட இடம் சோளிங்கர். மனம் கலங்கியவர்களை அழைத்துவந்து தக்கான்குளத்தில் நீராடவைத்து, மலையில் யோக நரசிம்மரையும் எதிர்மலையில் ஆஞ்சநேயரையும் சேவித்து, ஒரு மண்டலம் தங்கவைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். இதை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய ஒரு கட்டுரை, வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கிய 31 பேரை மனநல அளவுகோலால் அளந்து பார்த்தது. சராசரி ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 19 விழுக்காடு குறைந்திருந்தன. மருந்து தரவில்லை, தனிச் சடங்கும் இல்லை. தங்க இடம், அன்பான சுற்றம், செய்யச் சிறு வேலை. சிறிய ஆய்வுதான், மருந்துக்கு மாற்று என்று யாரும் கொள்ளக் கூடாது. ஆனால் குடும்பத்தோடு தங்கவைப்பதில் ஏதோ இருக்கிறது என்பதை அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் கூடாரம் போட்டும், பாகாயம் மையம் குடும்பத்தோடு தங்கும் வார்டுகளாலும் ஐம்பதுகளிலேயே காட்டிவிட்டார்கள். சங்கிலி வேறு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த விதத்திலும், எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுத்துவிட்டது. மயக்க மருந்தின்றி மின்னதிர்வுச் சிகிச்சை தருவதையும் அதே பிரிவு தடுக்கிறது.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றதுதான் திருப்பம். அதன் பிறகு பழைய சட்டத்தைத் தட்டிக்கொட்டி வைத்திருக்க முடியவில்லை. புதிய சட்டத்தில் நோயாளி முடிவெடுக்கும் ஆளாக வருகிறார். தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும் நாளிலேயே எழுதி வைக்கலாம். தன் சார்பாகப் பேச ஒருவரை நியமிக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. சம்மதமின்றிச் சேர்த்தால் முதலில் 30 நாள் வரைதான். அதற்கு மேல் மனநல மறுஆய்வு வாரியம் பார்க்க வேண்டும். வாரியத்தின் தலைவர் மாவட்ட நீதிபதி நிலையில் இருப்பவர் அல்லது இருந்தவர். உறுப்பினர்களில் மனநோய் உள்ளவர்களோ பராமரிப்பவர்களோ தொண்டு நிறுவனத்தாரோ இருவர் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவரைக் கவனித்து மறுவாழ்வு தருவது அரசின் கடமை என்று 115ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரை நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக நிற்கிறது. வயலும் மாந்தோப்புமாக, வீட்டுத் தாழ்வாரத்திலேயே பூச்சிமருந்து டப்பா இருக்கிற இந்த மண்டலங்களில் இது சின்ன மாற்றமில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து முதல் மணி நேரத்தை வீட்டிலேயே கழிக்கும் குடும்பங்களிடம் சட்டம் மாறிய சேதியை யாராவது கொண்டுபோயாக வேண்டும். அதோடு பூச்சிமருந்தையும் பார்க்க வேண்டும்: கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த இலங்கையில் 1995இன் உச்சத்திலிருந்து தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

இவ்வளவு கொடுத்த சட்டம் எல்லைக்கு வரும்போது என்ன செய்கிறது? 93ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். சம்மதமின்றிச் சேர்க்கப்பட்டவரை ஒரு மனநல நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, அதே மாநிலத்துக்குள் என்றால் வாரியத்தின் ஆணைக்கு உட்பட்டு மாற்றலாம். வேறு மாநிலத்துக்கு என்றால் மத்திய மனநல ஆணையத்தின் இசைவு வேண்டும். நோயாளியை அவர் அறியாமல் தூரதேசத்துக்குக் கடத்திவிடாமல் காக்க எழுதப்பட்ட விதி இது, நோக்கம் சரியானது. ஆனால் ஊத்துக்கோட்டைக்கும் நாகலாபுரத்துக்கும் இடையே உள்ள தூரத்துக்கும், கன்னியாகுமரிக்கும் கௌகாத்திக்கும் இடையே உள்ள தூரத்துக்கும் ஒரே அளவுகோலை வைக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அப்படிச் சேர்க்கப்பட்ட ஒரு பிச்சாட்டூர்க்காரரை வீட்டுக்குப் பக்கமாக, திருப்பதிக்கு மாற்ற வேண்டுமானால் டெல்லியின் இசைவு வேண்டும். அவரை மேற்பார்ப்பது தமிழ்நாட்டு வாரியம். வீடு திரும்பிய பின் பொறுப்பு ஆந்திரத்துக்கு. இரண்டுக்கும் இடையே ஆளில்லை.

ஆந்திர அரசும் தமிழக அரசும் பேசிக்கொள்ளத் தெரியாதவை என்று யாரும் சொல்ல முடியாது. பிச்சாட்டூர் ஏரி என்று நம் செய்தித்தாள்கள் எழுதும் ஆரணியாறு நீர்த்தேக்கம் நிரம்பும் மழைக்காலங்களில், உபரிநீர் திறப்பதற்கு முன்பே திருவள்ளூர் மாவட்டத்துக்குத் தகவல் போகிறது. எத்தனை அடி, எத்தனை கன அடி என்று எண்ணோடு போகிறது. ஆரணியாற்றங்கரைக் கிராமங்களில் தண்டோரா போடுகிறார்கள். தண்ணீர் எல்லை தாண்டுவதைக் கவனிக்க ஏற்பாடு இருக்கிறது. மாதா மாதம் மாத்திரைக்காக எல்லை தாண்டும் மனிதரைக் கவனிக்க அப்படி ஒன்று இல்லை. எதிர்த்திசையில் வருகிறவர்களும் உண்டு: கை கால் முறிந்தால் தமிழகத்திலிருந்து புத்தூர்க் கட்டுக்கு வருகிறார்கள். எலும்பு கட்டிவிட்டால் ஆறு வாரத்தில் கதை முடிந்தது. மனச்சிதைவுக்கு அப்படி முடிவதில்லை; அதனால்தான் மனநோயாளிக்கு எல்லை மற்ற நோயாளிகளைவிட அதிகமாக வலிக்கிறது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மனச்சிதைவு, இருதுருவ நோய் போன்றவற்றில் மருந்து ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். தேறிவிட்டது போலத் தோன்றும்போது நிறுத்தினால் நோய் திரும்புவதற்கான வாய்ப்பு மிக அதிகம். திரும்பும் ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்கு மீள்வது கடினமாகிறது. மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போவதென்றால் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ஒரு நாள் கூலி போகும், இருவருக்கும் பேருந்துச் செலவு. ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்திருக்கிறது. மாநிலம் தாண்டும் பேருந்துகளுக்கு அது பொருந்தாது. மகனை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போகிற தாய் முழுக் கட்டணமும் கொடுத்துத்தான் போக வேண்டும். நாற்று நடவு நேரத்திலோ, கன மழையில் ஆற்றில் தண்ணீர் போகிற வாரத்திலோ ஒரு தடவை தவறும். அடுத்த மாதம் மகன் வரமாட்டேன் என்பான். சிகிச்சை இப்படித்தான் அறுந்துபோகிறது. மருத்துவர்கள் இதை மருந்தை மறுத்தார் என்று எழுதிவிடுவதுண்டு; மறுத்தவர் யார் என்பதை நான் வேறு மாதிரி எழுதுவேன்.

தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் நடந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்தியது. மனநோய் உள்ளவர்களில் சிகிச்சை பெறாதவர்கள், நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை என்று கண்டது. அந்த 12இல் தமிழ்நாடு உண்டு, ஆந்திரம் இல்லை. ஊத்துக்கோட்டைப் பக்கத்தின் இல்லாமை எண்ணுக்குள் வந்தது. சுருட்டப்பள்ளிப் பக்கத்தின் இல்லாமை எண்ணுக்குள்ளும் வரவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது திருச்சியும் அன்றைய ஆந்திரத்தின் மேதக்கும் அதில் இருந்தன. ஒரே ஆண்டில் தொடங்கிய இரு மாநிலங்கள். மேதக் இப்போது தெலங்கானாவில் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு வழிகாட்டியது எண்பதுகளில் பெல்லாரியில் நடந்த முயற்சி. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கே பயிற்சி கொடுத்து, அங்கேயே மருந்து கொடுத்தால் பெரும்பான்மையான நோயாளிகள் நகரத்துக்கு வர வேண்டியதில்லை என்று அது காட்டியது. மனநல மருத்துவர் பற்றாக்குறை உள்ள நாட்டுக்கு இதைவிட நல்ல யோசனை இன்றுவரை வரவில்லை என்பது என் கருத்து. யோசனை தோற்கவில்லை, மருந்து அலமாரிக்கு வராததால் நடைமுறை பல இடங்களில் தோற்றது.

மொழியையும் சேவையின் ஒரு பகுதியாகத்தான் எண்ண வேண்டும். இருதய நோயாளியைப் படமெடுத்துப் பார்க்கலாம். மனநோயாளியைப் பேசவைத்துத்தான் பார்க்க முடியும். காதில் என்ன கேட்கிறது, யார் பேசுகிறார்கள், எப்போதிலிருந்து என்று கேட்கும்போது, காத்து சேஷ்டை என்று அம்மா சொல்வதையும், மனசு ஒரு நிலையில் இல்லை என்று அவர் சொல்வதையும் புரிந்துகொள்ளும் மருத்துவர் வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில், புரியும் வடிவில் தகவல் தர வேண்டும் என்று 22ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. திருப்பதியில் தமிழ் தெரிந்த மருத்துவர்கள் இருப்பார்கள், கீழ்ப்பாக்கத்தில் தெலுங்கு தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் அன்று பணியில் யார் இருக்கிறார்கள் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. உரிமை அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில், தமிழ் தெலுங்கு உட்பட 20 மொழிகளில் ஆலோசனை தருகிறது. எல்லையை மதிக்காத அரசு மனநலச் சேவை அது. நெருக்கடியில் அது உதவும். மாத்திரையை அது கொண்டுவந்து தராது.

ஓய்வூதியத்திலும் இதே எல்லை குறுக்கே நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை இயலாமைகளில் மனநோயும் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் அரசு உதவிகளுக்குத் தகுதி. ஆந்திரம் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை மாதம் 6,000 ரூபாயாக உயர்த்தியது. ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அது மருந்து, பேருந்து, இழந்த கூலி எல்லாவற்றையும் ஈடுகட்டும் தொகை. இதற்காக ஆந்திர அரசைப் பாராட்டத்தான் வேண்டும். பெறுவதற்குச் சதரம் என்னும் இயலாமைச் சான்று வேண்டும். அதை ஆந்திர அரசு மருத்துவமனை முகாமில்தான் வாங்க வேண்டும். பத்து வருடம் சென்னையில் வைத்தியம் பார்த்தவரின் கையிலுள்ள சீட்டுகள் தமிழ்நாட்டு மருத்துவமனையுடையவை. தன்னை ஒருமுறைகூடப் பார்த்திராத மருத்துவர் குழுவின் முன், நோய் அடங்கியிருக்கும் ஒரு நாளில் போய் நின்று, தனக்கு நோய் உண்டு என்று அவர் நிரூபிக்க வேண்டும். மருந்து வேலை செய்வதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடக்கூடிய இடம் அது.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவை என்று நான் நினைக்கவில்லை. இருக்கும் சட்டத்திலேயே ஒரு பாலம் இருக்கிறது. அதை அதிகம் யாரும் எடுத்துப் பேசுவதில்லை. 98ஆம் பிரிவு, வீடு திரும்பும் திட்டம் பற்றியது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, அவரையும் அவருடைய பிரதிநிதியையும், அவர் யாரோடு வசிக்கப் போகிறாரோ அந்தக் குடும்பத்தினரையும், இனி அவரைப் பார்க்கப்போகும் மனநல மருத்துவரையும் கலந்து, தொடர்சிகிச்சைக்கு ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. அந்த இனிப் பார்க்கப்போகும் மருத்துவர் அதே மாநிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. கீழ்ப்பாக்கத்திலிருந்தோ 2022இல் தொடங்கிய திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்தோ திருப்பதி மாவட்ட மனநலக் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம், ஆங்கிலத்தோடு தெலுங்கிலும், போனால் 98ஆம் பிரிவு நிறைவேறிவிடும். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, அடுத்த தேதி. அவ்வளவுதான் வேண்டும்.

பணம் எல்லை தாண்டாது என்ற வாதமும் நிற்காது. ஆந்திரத்தின் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டம் 2019 நவம்பரில் சென்னை, பெங்களூரு, ஐதராபாத் மருத்துவமனைகளுக்கு விரிவாக்கப்பட்டது. சித்தூர்க்காரரின் இருதய அறுவைக்குச் சென்னையில் ஆந்திர அரசு பணம் கட்டியது. கத்தி எடுக்கும் சிகிச்சைக்குப் பணம் எல்லை தாண்டுமானால், மாதம் சில நூறு ரூபாய்க்கு முடிகிற மாத்திரைக்கும் தாண்டலாம். அதைவிட மலிவான வழி, மாத்திரையை இந்தப் பக்கமே வாங்கிவைப்பது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவரும் 104 வண்டி ஆந்திரக் கிராமங்களுக்கு 2008 முதல் ஓடுகிறது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே போகிறது. அதே வண்டியில், அதே பையில், ரிஸ்பெரிடோனும் ஓலன்ஜபினும் மாதம் ஒருமுறை போடும் ஃப்ளூஃபெனசின் ஊசியும் எல்லா மாதமும் இருக்குமானால், பிச்சாட்டூர்க்காரர் மருத்துவரைப் பார்க்க ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போனால் போதும். 18ஆம் பிரிவு வாக்களித்ததும் இதைத்தான்.

திருப்பதி, திருவள்ளூர் ஆட்சியர்கள் இருவர், இரு மாநில மனநல ஆணையங்கள்: இதைத் தொடங்க இவர்கள் கையெழுத்து போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தகவல் பரிமாற்றம் என்ற பெயரில் இரு மாநில அதிகாரிகளும் நோயாளிகளின் பெயர்ப்பட்டியலைக் கைமாற்றத் தொடங்கினால் அது வேறொரு கேடாக முடியும். சின்ன ஊர், கீழ்ப்பாக்கம் போய்வந்தவர் என்று தெரிந்தால் தங்கைக்கு வரன் தட்டிப்போகும், வாடகைக்கு வீடு கிடைக்காது. நோய் பற்றிய தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 23ஆம் பிரிவும், தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமையை 25ஆம் பிரிவும் அவருக்கே கொடுத்திருக்கின்றன. ஆகவே அந்த ஒரு பக்கக் கடிதம் அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்கு அவருக்குத் தெரியாமல் போக வேண்டாம். அவருடைய சம்மதத்தோடு, அவர் கையிலேயே கொடுத்தனுப்பட்டும். பிச்சாட்டூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் காட்டுவதா, புத்தூரில் காட்டுவதா, திருப்பதியில் காட்டுவதா என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.